பூசாத பில்டிங்

சிப்காட் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் அந்த நிறுத்தத்துக்கு இரண்டு பெயர். டிக்கெட்டில் ‘தொழிலாளர் குடியிருப்பு’. கண்டக்டர் வாயில் ‘பூசாத பில்டிங்’. நாலு மாடி, நாலு பக்கமும் வெறும் காங்கிரீட். கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் கொத்தனார் வந்து பூசிக் கொடுக்கவில்லை என்றே ஓசூர் நினைத்துக்கொண்டிருந்தது. ஊரைச் சொல்லி என்ன, உள்ளே குடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கும் அதே நினைப்புதான்.

கட்டிய ஆர்க்கிடெக்ட் வெளிநாட்டில் படித்தவர். காங்கிரீட்டை மறைப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று அவருக்கு ஒரு கொள்கை. பலகை அடைத்து ஊற்றி, பலகையைப் பிரித்தபோது மரத்தின் ரேகையெல்லாம் சுவரில் அப்படியே பதிந்து நின்றது. அதுதான் அழகு என்று சொல்லி, வெளிச்சுவரில் யாரும் சுண்ணாம்பும் அடிக்கக்கூடாது பெயிண்டும் அடிக்கக்கூடாது என்று கூட்டுறவுச் சங்கத்தின் விதியிலேயே சேர்க்க வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடுகள் ஊரிலேயே இவை மட்டும்தான். கொள்கை அவருடையது, குடியிருந்தது மற்றவர்கள்.

மூன்றாவது மாடியில் குடியிருந்த முனிராஜ் இந்த விதிக்கு முப்பது வருஷம் கட்டுப்பட்டது ஒரு அதிசயம். ஏனென்றால் அவர் வேலை பார்த்தது வண்டி செய்கிற ஃபாக்டரியின் பெயிண்ட் ஷாப்பில். அங்கே பூச்சு இல்லாத தகடு கேட்டைத் தாண்டாது. ப்ரைமர், அதன்மேல் கலர், அதன்மேல் பளபளப்பு. எங்காவது பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். ரிட்டையர் ஆன பிறகும் கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்துத் தூணைத்தான் தடவிப் பார்ப்பார்.

ஆனாலும் அந்தக் கட்டடத்தின் மேல் அவருக்கு உயிர். காரணம் சுவரில் இல்லை, சீட்டில் இருந்தது. யாருக்கு எந்த வீடு என்று சங்கத்தில் சீட்டுக் குலுக்கித்தான் போட்டார்கள். முனிராஜின் அப்பா நாகரசம்பட்டியில் ஒரு மாந்தோப்பில் காவல் இருந்தவர். தோப்புக்காரர் வீட்டுப் பின்வாசல் வரைக்கும் போவார், அதற்கு மேல் போகமாட்டார். அந்தத் தோப்புக்காரரின் மகன் தீர்த்தகிரியும் அதே ஃபாக்டரியில் சேர்ந்திருந்தான். சீட்டில் தீர்த்தகிரிக்கு இரண்டாவது மாடி விழுந்தது. முனிராஜுக்கு அதற்கு நேர் மேலே மூன்றாவது மாடி.

மகன் வீட்டைப் பார்க்க வந்த தோப்புக்காரர், தலைக்கு மேல் யார் குடியிருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, படியேறாமலே பஸ் ஏறிப் போய்விட்டார். தீர்த்தகிரி ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் எத்தனை நாள்தான் பேசாமல் இருப்பது? ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே ஷிஃப்ட். எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் நிறம். வாசலைப் பார்த்து இது இன்னார் வீடு என்று யாராலும் சொல்ல முடியாது. முனிராஜுக்கு அது போதும். அந்தச் சுவரின் அழகு அவருக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சுவருக்குள் தான் யார் என்பது நன்றாகத் தெரியும்.

அவர் மனைவி செல்வம்மாளுக்கு இந்தக் கதையெல்லாம் ஆகாது. “வெயில்ல அடுப்பு, மழையில தொட்டி. இதுல ஒரு மனுசி முப்பது வருசம் சமைச்சிருக்கா, அத யாரும் பேச மாட்டேங்கறீங்க” என்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்த்தது. ஐப்பசியில் சமையலறைச் சுவர் வியர்த்து வழியும்.

மகன் ஹரீஷ்குமாருக்கோ அந்தக் கட்டடம் என்றாலே எரிச்சல். ஜூஜுவாடியில் அபார்ட்மெண்ட் கட்டும் ஒரு கம்பெனியின் சைட் ஆபீஸில் அவனுக்கு வேலை. பர்கூரிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, பெண்ணின் மாமா கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னும் பூச்சு வேலை முடியலீங்களா?” என்று கேட்டார். காபி குடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.

இந்த நிலையில்தான் சங்கத்தைக் கலைத்து நிலத்தை விற்றுவிடலாம் என்ற பேச்சு கிளம்பியது. ஹைவேயை ஒட்டிய இடம். வாங்க வந்தவர்கள் கட்டடத்தை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவார்கள். குடியிருந்தவர்களுக்கு ஜூஜுவாடியில் ஆளுக்கொரு ஃப்ளாட். தீர்த்தகிரி முதல் ஆளாகக் கை தூக்கினார். “இந்தக் கோழிக்கூண்ட எப்ப இடிப்பாங்கன்னுதான் நான் பாத்துங்கீறன்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். ஒளிவு மறைவு அவரிடம் கிடையாது. முனிராஜும் இன்னும் சில பேரும் மட்டும் எதிர்த்தார்கள். எதிர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அப்போது பெங்களூரிலிருந்து சுசித்ரா வந்தாள். ஆர்க்கிடெக்சர் காலேஜில் பாடம் நடத்துகிறவள், நாற்பது வயதிருக்கும். மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்து, சுவரில் கன்னம் படாத குறையாக நின்று மர ரேகையைத் தடவிப் பார்த்தாள். தென்னிந்தியாவில் இப்படிப்பட்ட கட்டடங்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் மிச்சம் இருக்கின்றன என்றாள். இதைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்க மனுப் போட்டிருக்கிறேன், சென்னையிலிருந்து குழு வந்து பார்க்கும், சேர்த்துவிட்டால் யாராலும் இடிக்க முடியாது என்றும் சொன்னாள். கன்னடத்தில்தான் பேசினாள். அந்தப் பக்கத்தில் கன்னடம் தெரியாதவர் யார்? முனிராஜுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. யாராலும் இடிக்க முடியாது என்ற வார்த்தை கூடுதலாகவே புரிந்தது.

“இந்தக் கட்டடம் எதையும் மறைக்கல. ரொம்ப நேர்மையான கட்டடம்” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வம்மாள் காபி டம்ளரை நீட்டியபடி கேட்டாள்.

“உங்க ஊடு எப்பிடிங்க மேடம், பூசியிருக்குதா?”

சுசித்ரா சிரித்துவிட்டு, பூசியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். “அப்ப நேர்மையெல்லாம் எங்களுக்கு மட்டுந்தான்” என்றாள் செல்வம்மாள். முனிராஜ் அவளை முறைத்தார்.

கிளம்பும்போது முனிராஜ், குழு வரும்போது நாங்கள் என்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேட்டார். “ஏனூ மாடபேடி முனிராஜ் அவரே. ஹாகே இரலி” என்றாள் சுசித்ரா. ஒன்றும் செய்யவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். படியிறங்கும்போது இன்னொரு தடவை சொன்னாள். காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி மூன்றாவது தடவையும் சொன்னாள். ஹரீஷ்குமார் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

இங்கேதான் முனிராஜ் சறுக்கினார். அவர் பக்கத்து மனிதர்கள் எல்லோரும் சறுக்கக்கூடிய இடம்தான் அது. வீட்டுக்கு வருகிறேன் என்கிற விருந்தாளி, ஒன்றும் செய்யவேண்டாம் என்றுதான் சொல்வார். சொல்லாவிட்டால்தான் தப்பு. அதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விடுகிற வீட்டை ஊர் காறித் துப்பும். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் பலகாரம் செய்யவேண்டும், மூன்று தடவை சொன்னால் கோழி அடிக்கவேண்டும். இவள் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள், பெரிய அதிகாரிகள், பொங்கல் கழிந்த கையோடு வருகிறார்கள். அவர்கள் கண்ணில் மழைக்கறையும் பாசியுமாக இந்தச் சுவர் படலாமா? சங்கம்தான் கலையப்போகிறதே, அதன் விதியை இனி யார் கேட்கப்போகிறார்கள்? முப்பது வருஷம் அடக்கி வைத்திருந்த கை முனிராஜுக்கு அரித்தது.

“முன்பக்கத்துக்காவது பெயிண்ட் அடிச்சிரலாம்னு பாக்குறன்டா” என்று மகனிடம் சொன்னார்.

ஹரீஷ்குமார் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தான். “அடிக்கலாம்பா. செலவு நான் பாத்துக்கறேன்” என்றான்.

இவ்வளவு நாள் இந்தக் கட்டடத்தைக் கரித்துக்கொட்டிய பிள்ளை, கடைசியில் அப்பன் பக்கம் வந்துவிட்டான். அன்றைக்குச் சாப்பிடும்போது முனிராஜ் மனைவியிடம் இரண்டு தடவை இதைச் சொன்னார். “அவனா?” என்று மட்டும் கேட்டாள் அவள்.

மறுநாள் ஹரீஷ்குமார் ஆட்டோவில் டிஸ்டெம்பர் டப்பாக்களைக் கொண்டுவந்து இறக்கினான். முனிராஜ் மூடியைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார்.

“என்னாடா இது? தண்ணி பட்டா போவுற சரக்கு. இத அடிச்சா ரெண்டு மழையில வெளுத்துரும்.”

“இது போதும்பா.”

“எது போதும்? முப்பது வருசம் பெயிண்ட் ஷாப்புல இருந்தவன் அடிச்ச சுவருன்னு நாளைக்குச் சொல்லணும். ப்ரைமர் வாங்கு, நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷன் வாங்கு. சந்தன கலர், ஓரத்துக்குக் காப்பிக் கொட்டை கலர்.”

“நெசமாவே இது போதும்பா. சும்மா ஒரு கண்காட்சிக்குத்தான.”

மகன் கஞ்சத்தனம் பார்க்கிறான் என்று முனிராஜ் நினைத்தார். வாயில் வந்தபடி திட்டினார். ஹரீஷ்குமார் டப்பாக்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய், அவர் கேட்டதை வாங்கி வந்தான்.

வேலை பொங்கல் வரைக்கும் நடந்தது. சாரம் கட்டினார்கள். பெயிண்ட் ஷாப்பில் கூட இருந்த பழைய ஆட்கள் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கம்பி பிரஷ் போட்டுப் பாசியைச் சுரண்டி, ஓட்டையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. காங்கிரீட் தாகத்தோடு ப்ரைமரைக் குடித்தது. அதன்மேல் இரண்டு கோட்டு. சாயங்கால வெயிலில் முனிராஜ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். ஒரு இடத்தில்கூட வழிசல் இல்லை. தீர்த்தகிரி வந்து பக்கத்தில் நின்று, “இடிக்கப்போற ஊட்டுக்கு எதுக்குய்யா சிங்காரம்? ஆனா வேலை சுத்தம்” என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் தீர்த்தகிரி வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது.

குழு வந்த காலையில் செல்வம்மாள்கூட வாசலில் பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். முதல் காரிலிருந்து சுசித்ரா இறங்கினாள். இறங்கியவள் கதவைச் சாத்த மறந்து நின்றாள்.

முனிராஜ் மாலையோடு ஓடினார். அவள் மாலையைப் பார்க்கவில்லை. சுவரருகே போய், முன்பு தடவிய அதே இடத்தில் கையை வைத்தாள். சந்தன நிறம் வழுவழுவென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, “யாக்கே?” என்றாள். ஏன் என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

குழுத் தலைவர் வயதானவர், நிதானமான மனிதர். எப்படியாவது காப்பாற்றலாமா என்று அவரும் பார்த்திருக்கவேண்டும். “இது சுண்ணாம்பா? டிஸ்டெம்பரா? அப்படின்னா கழுவி எடுத்துடலாமே” என்று முனிராஜைக் கேட்டார்.

தன் வேலையைச் சந்தேகப்படுகிறார் என்று முனிராஜ் நினைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “இல்லீங்க ஐயா. அந்த மாதிரி வேலையெல்லாம் நாங்க செய்யறதில்ல. தேய்ச்சு, பட்டி வச்சு, ப்ரைமர் அடிச்சு, அதுமேல ரெண்டு கோட்டு. சுவரு நல்லா குடிச்சிருச்சு. உளி வச்சு செதுக்குனாலும் போவாதுங்க.”

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். உள்ளே வரக்கூட இல்லை. காபி போட்டு வைத்தது ஆறிப்போனது. சுசித்ரா காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கவில்லை. அவளுக்கு இருந்த கோபம் முழுக்கச் சுவருக்காகத்தான். சுவருக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் இனி எங்கே போவார்கள் என்று கேட்க அன்றைக்கும் அவளுக்குத் தோன்றவில்லை, பிறகும் தோன்றவில்லை.

மாசி பிறந்ததும் தபால் வந்தது. கட்டடத்தின் மூலத் தோற்றம் சீர்செய்ய முடியாதபடி அழிக்கப்பட்டுவிட்டதால் பட்டியலில் சேர்க்க இயலாது. ஹரீஷ்குமார்தான் படித்துக் காட்டினான். முனிராஜ் மூலத் தோற்றம் என்ற வார்த்தையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அந்தப் பெண் மூன்று தடவை சொன்னது உபசாரப் பேச்சு இல்லை. நிஜமாகவே சொல்லியிருக்கிறாள்.

நாற்காலியில் உட்கார்ந்து கையிரண்டையும் விரித்துப் பார்த்தார். நகக்கண்ணில் சந்தன நிறம் இன்னும் ஒட்டியிருந்தது.

“என் கையாலயே கெடுத்துட்டன்டா. நீ எனக்காவ எறங்கி வந்து இவ்ளோ செஞ்ச. உன்னயும் வீணாக்கிட்டன். மனசுல வச்சுக்காத சாமி.”

வாழ்க்கையில் மகனிடம் அவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை மட்டும் ஹரீஷ்குமாரால் தாங்க முடியவில்லை.

“எனக்குத் தெரியும்பா” என்றான்.

“என்னா தெரியும்?”

“பெயிண்ட் அடிச்சா லிஸ்ட்ல சேக்க மாட்டாங்கன்னு. அந்த மேடம் சொன்னப்பவே தெரியும். எங்க ஆபீஸ்லயும் சொன்னாங்க.”

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. முனிராஜ் மகனை அண்ணாந்து பார்த்தார்.

“தெரிஞ்சுமாடா வாங்கிக் குடுத்த?”

“டிஸ்டெம்பர்தான்பா நான் வாங்கியாந்தேன். கழுவுனா போயிருக்கும். போதும் போதும்னு ரெண்டு தடவ சொன்னேன். நீங்கதான் திட்டி அனுப்புனீங்க.” அவன் குரல் உயர்ந்து, பிறகு தானாகவே இறங்கியது. “இந்த ஊட்ட வச்சுங்கினு நான் என்னாப்பா செய்றது? உங்களுக்கு இது மரியாத. எனக்கு அவமானம். பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நின்னது நீங்க இல்ல, நான்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா. இடிக்கணும்னு சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். தீர்த்தகிரி என்னா, என் மூஞ்சிக்கு நேராத்தான கை தூக்குனான்.”

செல்வம்மாள் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். முப்பது வருஷமாக அவள் கேட்டது நடக்கப்போகிறது. ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. “இடியட்டும்னு நானும் ஆயிரம் தடவ சொல்லியிருக்கறன். ஆனா இப்பிடி இல்லடா” என்றாள். முனிராஜ் எழுந்து வராந்தாவுக்குப் போய், ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

சித்திரையில் ஜூஜுவாடி ஃப்ளாட்டுக்குப் போனார்கள். சுவர் வழவழப்பாக இருந்தது. லிஃப்ட் இருந்தது, சமையலறையில் காற்று வந்தது. செல்வம்மாள் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடத்தை வாங்கிய கம்பெனி கட்டிய ஃப்ளாட்டில் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று வகை. யார் எந்த வகை என்று வாசலிலேயே தெரிந்துவிடும். எதிர் ஃப்ளாட்டுக்காரர் கிருஷ்ணகிரி பக்கத்து விவசாயக் குடும்பம். முதல் நாளே காபி கொடுத்து அன்பாகக் கேட்டார்.

“நாகரசம்பட்டியா? நம்ம பக்கந்தானுங்களே. நாகரசம்பட்டில எந்தத் தெருங்க?”

முனிராஜ் சொன்னார். எதிர் ஃப்ளாட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. காபி மட்டும் அதற்கப்புறம் வரவில்லை.

கட்டடத்தை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு முனிராஜ் பஸ் பிடித்துப் போனார். கண்டக்டர் இன்னும் பூசாத பில்டிங் என்றுதான் கத்தினான். எதிரே டீக்கடையில் நின்று பார்த்தார். மூன்றாவது மாடியை எந்திரம் குத்திக்கொண்டிருந்தது. லேசில் உடையவில்லை. உடைந்த இடத்திலெல்லாம் உள்ளே பழைய சாம்பல் நிறம் தெரிந்தது. சந்தனப் பூச்சு ஒரு இடத்திலும் உரியவில்லை, காங்கிரீட்டோடு சேர்ந்தேதான் விழுந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் மதுரைப் பக்கத்து ஆள், ஓசூருக்குப் புதிது. “இதென்னண்ணே அநியாயமா இருக்கு, புதுக் கட்டடத்தப் போயி இடிக்கிறாய்ங்க” என்றான். “எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க. அந்தப் பெயிண்டுக்காகவாச்சும் விட்டு வச்சிருக்கலாம். யாருண்ணே அடிச்சது?”

அந்தக் கட்டடத்தை அழகு என்று ஓசூர்த் தெருவில் ஒருவன் சொல்லி முனிராஜ் கேட்டது அன்றைக்குத்தான். டீ டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“என் மவன் வாங்கிக் குடுத்தான்” என்றார். “அடிச்சது நான்தான்.”